மாற்றிய முட்டியில் கிருமி புகுந்தால்…



முன்பொரு முறை இந்தப் பகுதியில் முட்டி மாற்று அறுவையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த கெடா மாநிலத் தாயார் ஒருவர், தம் மகளைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்து அனுப்பியிருக்கிறார். மூன்று பக்கக் கடிதம். அதன் சாரம் இதுதான்:

"டீச்சர், நீங்கள் எழுதியதெல்லாம் நல்லபடியாக முடிந்தவர்களின் கதை. எனக்கு இருபது வருடமாக முடக்குவாதம். மாற்றி வைத்த முட்டி இப்போது வீங்கிச் சுடுகிறது. உள்ளே கிருமி இருக்கிறது, இரும்பைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். கழற்றிவிட்டால் என் கால் என்ன ஆகும்? மறுபடியும் நடப்பேனா? கையெழுத்துப் போடு என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது."

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. நான் மருத்துவர் அல்ல. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். ஆனாலும், எங்கள் தோட்டத்து அக்கா ஒருவருக்கு இதே துன்பம் வந்தபோது, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் கூடவே அலைந்தேன். மலாயில் எழுதிய தாள்களைப் படித்துப் பொருள் சொன்னேன். புரியாததை மருத்துவர்களிடம் வெட்கப்படாமல் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கும், உங்களைப் போன்ற மற்ற வாசகர்களுக்கும் எழுதுகிறேன். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை நீங்களும் உங்கள் மருத்துவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். முட்டிவலி எல்லாம் ஒன்றல்ல. வயதாகித் தேய்வது மூட்டுத் தேய்மானம். முடக்குவாதம் என்பது வேறு. நம்மைக் காக்க வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, மூட்டின் உட்சவ்வைத் தாக்குவது அது. விரல் கணுக்களில் தொடங்கும்; இரண்டு கையிலும் ஒன்றுபோல வரும்; காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். குருத்தெலும்பு அரிக்கப்பட்டு முட்டி கோணிக்கொண்டால், கடைசியில் மாற்று முட்டிதான் வழி. இப்போது நல்ல மருந்துகளை ஆரம்பத்திலேயே கொடுப்பதால் அந்த நிலைக்குப் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். ஆனால், பழைய நோயாளிகள் நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

முட்டி மாற்றிக்கொள்ளும் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே உள்ளே கிருமி புகுகிறது. முடக்குவாதக்காரர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். நோயே ஒரு காரணம்; நோயை அடக்கக் கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குவது இன்னொரு காரணம். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களின் தோல் மெலிந்து, புண் ஆற நாளாகும். இதோடு நீரிழிவும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இனி, எங்கள் அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அவர் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விரல்கள் கோணியபோதும் உளியைத் துணியால் கையில் கட்டிக்கொண்டு வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு மகனோடு பட்டணத்துத் தாமானுக்குக் குடிபோனார். வலது முட்டியை மாற்றிய பின் இரண்டு வருடம் நன்றாகவே நடந்தார். கோயில் திருவிழாவுக்குப் பால்குடம்கூட எடுத்தார்.

முடக்குவாதத்தால் அவருடைய கால்விரல்களும் கோணியிருந்தன. அதனால் பாதத்தின் அடியில் ஆணி விழுந்து உறுத்திக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அதைப் பிளேடால் அவரே சீவிவிட்டார். சின்னக் காயம்தான். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறந்துவிட்டார். பத்து நாளில் மாற்றிய முட்டி வீங்கிச் சிவந்தது. பாதத்துப் புண்ணில் நுழைந்த கிருமி, இரத்தத்தோடு ஏறிப்போய் இரும்பு முட்டியில் குடியேறிவிட்டது. பல்லில் சீழ், சிறுநீரில் கிருமி, நகச்சுற்று என்று எந்த வாசல் வழியாகவும் அது வரலாம். அறுவை முடிந்து பல வருடங்கள் ஆன பிறகும் வரலாம்.

அக்கா என்ன நினைத்தார் தெரியுமா? "பழைய வாதம் கிளம்பிவிட்டது" என்று நினைத்தார். முடக்குவாதக்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான், வாசகர்களே. அவர்களுக்கு மூட்டு வீங்குவது புதிதல்ல. ஆகவே ஆபத்தான வீக்கத்தையும் பழைய விருந்தாளியாகவே எண்ணிவிடுகிறார்கள். அக்கா இரவுச் சந்தையில் விற்ற ஏதோ ஒரு வாதத் தூளை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. "என்ன அருமையான மருந்து!" என்று எனக்கும் ஒரு பொட்டலம் கொடுக்க வந்தார்.

அந்த மாதிரித் தூள்களையும் மாத்திரைகளையும் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு சோதித்துப் பார்த்து, டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் அவற்றில் களவாகக் கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியையும் வீக்கத்தையும் அமுக்கும், காய்ச்சலையும் மறைக்கும். அடியில் கிருமி மட்டும் நிம்மதியாகப் பெருகும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் எண்ணும் ஒளிரும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். அவை இல்லாததை, யார் எவ்வளவு புகழ்ந்தாலும், வாயில் போடாதீர்கள். (என் சொந்த மாமியாரிடமே இதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன்.)

தூள் தீர்ந்ததும் வீக்கம் இரண்டு மடங்காகத் திரும்பியது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் முட்டியிலிருந்து நீர் எடுத்துப் பார்க்காமலேயே கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தார்கள். குறைந்த மாதிரி இருந்தது, பிறகு கூடியது. மறுபடியும் மாத்திரை. இப்படியே பத்து வாரம் ஓடியது. ஒரு நாள் காலையில் பழைய தையல் தழும்பின் ஓரத்தில் சின்னத் துவாரம் விழுந்து சீழ் வடிந்தது. இரும்பு முட்டி வரை போகும் அப்படியொரு துவாரம் விழுந்துவிட்டால், உள்ளே கிருமி இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை.

மாத்திரையால் ஏன் தீரவில்லை என்று அக்காவின் மகன் பெரிய மருத்துவமனையில் கேட்டான். மருத்துவர் ஆங்கிலத்திலும் மலாயிலும் விளக்கினார். அதை நான் அக்காவுக்கு இப்படிச் சொன்னேன்:

"அக்கா, மங்கில் பால் இறங்கிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் மங்கு சுத்தமாகிவிடும். அதுவே உறைந்து ஒட்டுப்பாலாகிவிட்டால்? தண்ணீர் ஊற்றினால் போகுமா? உரித்துத்தானே எடுக்க வேண்டும்? உங்கள் முட்டியிலும் அப்படித்தான். இரும்பில் இரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதில் ஒட்டிக்கொண்டு, தன்மேல் ஒரு பிசின் போர்வையை நெய்துகொள்கிறது. அந்தப் போர்வைக்குள் மருந்து எளிதில் நுழையாது."

பால்மரம் வெட்டியவருக்கு அது உடனே விளங்கியது. "அப்படியென்றால் மங்கையே மாற்ற வேண்டியதுதான்" என்றார். உண்மையும் அதுதான்.

இந்த ஒட்டுப்பால் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், மருத்துவர்கள் சொல்லும் பல வழிகளும் புரிந்துவிடும். கிருமி புகுந்து சில நாள்களோ மூன்று நான்கு வாரங்களோதான் ஆகியிருக்கிறது, இரும்பு எலும்போடு இறுக்கமாக இருக்கிறது என்றால், முட்டியைத் திறந்து, கெட்ட சதையை வெட்டி, நன்றாகக் கழுவி, நடுவில் உள்ள பிளாஸ்டிக் துண்டை மட்டும் புதிதாக மாற்றி, இரும்பை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு பல வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், மருந்து. இது பால் உறைவதற்கு முன் கழுவுவது. அக்கா முதல் வாரத்திலேயே போயிருந்தால் இந்தச் சின்ன அறுவையோடு தப்பியிருக்கக்கூடும். இதை எழுதும்போது எனக்கு இன்னமும் மனம் ஆறவில்லை.

நாள்பட்டுவிட்டால் இரும்பைக் கழற்ற வேண்டும். ஒரே அறுவையில் பழையதைக் கழற்றிப் புதியதை வைப்பது ஒரு முறை. ஜெர்மனியில் ஹம்பர்க் நகரத்து புக்ஹோல்ஸ் என்ற மருத்துவர், எலும்புச் சிமெண்டில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்தால் அது அங்கேயே கசிந்து வேலை செய்யும் என்று 1970-இல் எழுதி வெளியிட்டார். அந்த ஊரில்தான் இந்த முறை வளர்ந்தது. கிருமி இன்னதென்று முன்பே தெரிந்து, சுற்றியுள்ள சதையும் தோலும் நன்றாக இருப்பவர்களுக்கு அது பொருந்தும்.

மற்றது இரண்டு கட்ட முறை. நியூயார்க்கில் இன்சால் என்ற புகழ்பெற்ற முட்டி மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1983-இல் இதை விளக்கமாக எழுதினார்கள். கெடா அம்மாவுக்கு அநேகமாக இதைத்தான் சொல்லியிருப்பார்கள். முதல் அறுவையில் இரும்பு, பழைய சிமெண்ட், கெட்ட சதை எல்லாவற்றையும் எடுப்பார்கள். அந்த இடத்தைக் காலியாக விடமாட்டார்கள், அம்மா. கிருமிக்கொல்லி கலந்த சிமெண்டால் ஒரு கட்டை செய்து அங்கே வைப்பார்கள். அது கால் குட்டையாகாமல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்தையும் விட்டுக்கொண்டிருக்கும். கூடவே, ஆறு வாரம் போல நரம்பு வழியாகவோ வாய் வழியாகவோ மருந்து. கிருமி அடங்கிவிட்டது என்று தெரிந்தபின் இரண்டாம் அறுவையில் கட்டையை எடுத்துவிட்டுப் புது முட்டி வைப்பார்கள்.

பத்தில் எட்டுப் பேருக்கு இந்த முறை பலிக்கிறது என்று பல மருத்துவமனைக் கணக்குகள் சொல்லுகின்றன. ஆனால், முதல் அறுவை முடிந்து இரண்டாவதற்குப் போக முடியாமலே நின்றுவிட்டவர்களைச் சில கணக்குகள் சேர்ப்பதில்லை. ஆகவே மருத்துவர் ஓர் எண்ணைச் சொன்னால், "என்னைப் போன்ற முடக்குவாதக்காரருக்கு எப்படி?" என்று தயங்காமல் கேளுங்கள்.

எத்தனை முயன்றும் கிருமி போகவில்லை, எலும்பும் மிஞ்சவில்லை என்றால், தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் நேராக இணைத்து மடங்காத காலாக்கிவிடுவது உண்டு. அதில் வலி குறையும், நிற்கலாம், நடக்கலாம், ஆனால், பேருந்தில் உட்காருவதுகூடச் சிரமம். மற்ற மூட்டுகளும் கெட்டிருக்கும் முடக்குவாதக்காரருக்கு அந்தச் சிரமம் இன்னும் பெரிது. அறுவையைத் தாங்காத முதியவருக்குக் கிருமியை அமுக்கி வைக்க நெடுங்காலம் மாத்திரை கொடுப்பதும் உண்டு. உயிருக்கே ஆபத்து என்னும்போது காலை எடுக்கவும் நேரலாம். அது கடைசிப் படி. கழற்ற வேண்டும் என்று சொன்ன உடனேயே காலை எடுக்கப் போகிறார்கள் என்று பல தாய்மார்கள் எண்ணிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். ஓடினால்தான் அந்தப் படி நெருங்கும்.

அக்காவுக்கு இரண்டு கட்ட முறைதான் செய்தார்கள். அறுவைக்கு முன் ஊசியால் முட்டி நீரை எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்தார்கள். பத்து வாரமாக மாத்திரை விழுங்கியதால் முதலில் ஒன்றும் வளரவில்லை! மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடியும் எடுத்தபோதுதான் கிருமி அகப்பட்டது. அதனால்தான் நீர் எடுப்பதற்கு முன் கிருமிக்கொல்லி சாப்பிடாதீர்கள் என்று சொல்லுகிறார்கள். உடல் மிகவும் மோசமாக இருந்தால் அது வேறு. இரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒரு சோதனை செய்வார்கள். முடக்குவாதக்காரருக்கு அந்த எண் எப்போதுமே கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், பழைய அட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்து காட்டுங்கள். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டால்தான் மருத்துவருக்குத் துப்பு கிடைக்கும்.

இரண்டு அறுவைக்கும் இடைப்பட்ட மூன்று மாதம்தான் உண்மையான சோதனை. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிருமி இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி மருந்துகளை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதும் அக்காவின் கை, தோள், மணிக்கட்டு எல்லாம் வீங்கிவிட்டன. கால் ஊன்றக் கூடாது, சட்டகத்தைப் பிடித்து நடங்கள் என்கிறார்கள். சட்டகத்தைப் பிடிக்க விரல் மடங்க வேண்டாமா? இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் உடற்பயிற்சிப் பிரிவில் ஒரு பெண்மணி பார்த்துவிட்டு, முன்கையை வைத்து ஊன்றும் பலகை பொருத்திய சட்டகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கவே தேவையில்லை. அதை முதல் நாளே கேட்கலாம் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. உங்களுக்குக் கை கோணியிருந்தால், அறுவைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

வீட்டில் கட்டில் கீழ்மாடியில் இருக்கட்டும். குந்தும் கழிவறை என்றால் மேலே வைக்கும் நாற்காலி வாங்குங்கள். கருவிகளுக்கும் இரும்பு முட்டிக்கும் பணம் இல்லையென்றால், அரசாங்க மருத்துவமனையின் சமூகநலப் பிரிவுக்குப் போய் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள். வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள், சொக்சோவில் சந்தா கட்டியிருந்தால், உழைக்க இயலாதோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் விசாரியுங்கள்.

ரிஃபாம்பிசின் என்ற மாத்திரை கொடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அக்கா இரத்தம் என்று அலறிவிட்டார்! காசநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்துதான். இரும்பில் ஒட்டிய சில கிருமிகளை அது நன்றாகத் தாக்கும். எப்போதும் வேறொரு மருந்தோடு சேர்த்தே கொடுப்பார்கள். ஸ்டீராய்டு, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து போன்றவற்றின் வேகத்தை அது குறைத்துவிடும். ஆகவே வீட்டில் உள்ள மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

முடக்குவாத மருந்துகளைப் பற்றி இன்னொரு சொல். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், அறுவை என்று கேட்டதும் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. உடல் திடீரென்று தளர்ந்து மயங்கிவிழும் அபாயம் உண்டு. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மருந்து. கிருமி இல்லாதவர்களுக்குத் திட்டமிட்டுச் செய்யும் முட்டி மாற்று அறுவையின்போது அதை நிறுத்த வேண்டியதில்லை என்று அமெரிக்க வாதநோய், மூட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் 2017-இல் வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த வழிகாட்டி சொல்லுகிறது. விலை உயர்ந்த புதுவகை ஊசி மருந்துகளை மட்டும் ஒரு தவணை தள்ளி வைத்து, புண் ஆறியதும், சுமார் இரண்டு வாரத்தில், மறுபடியும் தொடங்கச் சொல்லுகிறார்கள். ஆனால், கிருமி புகுந்துவிட்ட முட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வாதநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து பேசித்தான் சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் வெவ்வேறு கட்டடத்தில் இருந்தால், ஒருவர் எழுதிய தாளை மற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டும் வேலை நம்முடையதுதான்.

இன்னும் நன்றாக நடந்துகொண்டிருப்பவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். அறுவை செய்த முட்டி சில மாதங்கள் சற்றுச் சூடாகத்தான் இருக்கும். குறைந்த வலி மறுபடியும் ஏறினாலோ, தையலில் நாள்கணக்கில் நீர் வடிந்தாலோ, மற்ற மூட்டெல்லாம் சும்மா இருக்க மாற்றிய முட்டி மட்டும் வீங்கினாலோ, அன்றைக்கே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வோர் இரவும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பேத்தியை விட்டாவது பார்க்கச் சொல்லுங்கள். ஆணியைப் பிளேடால் தொடாதீர்கள். சொத்தைப் பல்லைத் தள்ளிப் போடாதீர்கள்.

கெடா அம்மா, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி "மறுபடியும் நடப்பேனா?" என்பது. எங்கள் அக்காவுக்கு இரண்டாம் அறுவை முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. முட்டி முன்போல முழுதாக மடங்காது. கோயிலில் தரையில் உட்கார முடியாது, நாற்காலி போடுகிறார்கள். கடைத்தெரு வரை கோலோடு நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறார். மகன் வாங்கிக் கொடுத்த மெத்தென்ற செருப்பைத்தான் வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டிருக்கிறார். போன வாரம் அவரைப் பார்க்கப் போனபோது, பேசிக்கொண்டே இரண்டு முட்டியின் மேலும் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டார். என்ன அக்கா என்றேன். "எந்தப் பக்கம் சூடு என்று பார்க்கிறேன் டீச்சர். தினமும் விளக்கேற்றியதும் இதுதான் வேலை" என்றார்.

உங்கள் மகளிடம் சொல்லி, மருத்துவமனைத் தாள்களின் படியை எனக்கு அனுப்பி வையுங்கள். மலாய்ச் சொற்களுக்குப் பொருள் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.